சோதனைநிலை நிரலை ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட்டில் சேர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

நாகர்கோவிலில் வார இறுதிகளில் கல்லூரி மாணவர்களோடு உட்கார்ந்து கட்டற்ற மென்பொருள்களுக்குப் பங்களிக்கப் பழக்குகிறேன். மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் பக்கமிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள். நிரல் எழுத எல்லோருக்கும் தெரிகிறது. தடுமாறுவது வரிசையில்தான். முதலில் எழுதுகிறார்கள், அப்புறம் கேட்கிறார்கள், புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) மூடப்பட்ட பிறகுதான் விதிமுறையைப் படிக்கிறார்கள். இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

புதிய வசதி ஒன்றை நீங்கள் நீட்டும்போது, எதைச் சேர்ப்பது என்று முடிவெடுக்கும் பராமரிப்பாளர் மனதில் ஓடும் கேள்வி, "இது நன்றாக இருக்கிறதா?" என்பது மட்டும் இல்லை. "இவர் நாளை காணாமல் போனால் இதை யார் பார்ப்பது? சரிவராவிட்டால் எப்படிக் கழற்றுவது?" என்பதும்தான். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்தக் கேள்விக்கு முன்கூட்டியே பதில் வைப்பதற்காக.

வழிநெடுக ஒரே எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்கிறேன். பிரவுசரில் ஓடும் ஒரு டெக்ஸ்ட் எடிட்டர். கீழே எழுத்து எண்ணிக்கை காட்டும் பட்டை. அதில் 'நாகர்கோவில்' என்று தட்டினால் 11 என்று காட்டுகிறது. நாம் எண்ணினால் நா, க, ர், கோ, வி, ல் என்று 6. எடிட்டர் எண்ணுவது யூனிகோடு குறியீட்டுப் புள்ளிகளை, அதாவது கணினியில் தனித்தனி எண் பெற்ற துண்டுகளை. துணைக்கால், புள்ளி, கொம்பு எல்லாம் அதற்குத் தனித்தனி. குளச்சலில் இருந்து வரும் மாணவி ஒருவர் இதைச் சரிசெய்யக் கிளம்பினார். தமிழ் எழுத்தை எப்படி எண்ணுவது என்பதில் முடிவாகாத இடங்கள் இருப்பதால் இதைச் சோதனைநிலை வசதியாகத்தான், அதாவது பின்னால் மாற்றவோ நீக்கவோ கூடிய ஒன்றாகத்தான், முதலில் சேர்க்க முடியும்.

1. தொடங்கும் முன் தயார்செய்ய வேண்டியவை

மின்னஞ்சல். கல்லூரி முகவரியைப் பயன்படுத்தாதீர்கள். படிப்பு முடிந்ததும் அதை முடக்கிவிடுவார்கள். கமிட்டில், அதாவது நிரல் மாற்றத்தின் பதிவில், பதிந்த முகவரியோ வரலாற்றில் அப்படியே இருக்கும். நாலு வருடம் கழித்து உங்கள் நிரலில் சிக்கல் என்று ஒருவர் எழுதினால் அந்தக் கடிதம் உங்களுக்கு வந்து சேர வேண்டும்.

பெயர். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். அது பரவாயில்லை. ஆனால் மாற்றங்களைப் பதியும் கிட் கருவியின் அமைப்பில் ஒரு மாதிரியும், கிட்ஹப் கணக்கில் வேறு மாதிரியும், உரிம ஒப்பந்தத்தில் மூன்றாவது மாதிரியும் எழுதினால் தானியங்கிச் சோதனை சிவப்பு காட்டும். ஒரே எழுத்துக்கூட்டலை எல்லா இடத்திலும் வையுங்கள்.

இணையம். கல்லூரி, விடுதி வைஃபைகளில் எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான இணைப்பு முறைக்கு உரிய 22-ஆம் போர்ட்டைப் பல இடங்களில் மூடி வைத்திருக்கிறார்கள். "புஷ் ஆகமாட்டேங்குது அண்ணே" என்று வரும் புகாரில் பாதிக்கு இதுதான் காரணம். கிட்ஹப்பில் 443-ஆம் போர்ட் வழியாகவும் எஸ்எஸ்ஹெச் இணைப்பு கிடைக்கும், அதை அமைத்துக்கொள்ளுங்கள். பெரிய புராஜெக்ட்டாக இருந்தால் மொத்தத்தையும் இறக்காமல், பழைய கோப்புகளின் உள்ளடக்கத்தைத் தேவைப்படும்போது மட்டும் எடுக்கும் பகுதிக் குளோன் முறையைப் பயன்படுத்துங்கள். கமிட் வரலாறு முழுதாகக் கிடைக்கும், டேட்டா மிச்சமாகும். வரலாற்றையே வெட்டிவிடும் ஆழமற்ற குளோன் இதற்கு உதவாது. ஒரு வரியை யார், ஏன் எழுதினார்கள் என்று தேடும் வேலை நிறைய இருக்கிறது.

ஆங்கிலம். எளிய ஆங்கிலம் போதும். பராமரிப்பாளர்களில் ஏராளமானோருக்கும் அது தாய்மொழி இல்லை. ஆனால் "ரெஸ்பெக்டட் சார்" என்று தொடங்காதீர்கள். மறுமுனையில் இருப்பவர் ஒரு பெண்ணாகவும் இருக்கலாம். கணக்கில் உள்ள பெயரைச் சொல்லி நேராக விஷயத்துக்கு வந்துவிடுங்கள். அங்கே அது மரியாதைக் குறைவு இல்லை.

2. சோதனைநிலை நிரலுக்கு அந்தப் புராஜெக்ட்டில் எந்த இடம் என்று கண்டுபிடியுங்கள்

பெரும்பாலோர் தாண்டிக் குதிக்கும் படி இது. ஒவ்வொரு புராஜெக்ட்டும் முதிராத நிரலுக்கு ஓர் இடம் வைத்திருக்கிறது. அந்த இடத்தைத் தெரிந்துகொள்ளாமல் நேராக மைய நிரலில் கைவைத்தால், எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் மறுப்புதான் வரும். நான் பார்த்தவரை நாலு வகை.

முதல் வகை, தனி அடுக்கு. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் டிரைவர்களுக்கென்று 'ஸ்டேஜிங்' என்ற கோப்புறை 2008 முதல் இருக்கிறது. தரம் இன்னும் எட்டாத டிரைவர் அதற்குள் போகும். ஒவ்வொன்றுடனும் 'டூடூ' என்ற கோப்பு இருக்க வேண்டும். இன்னும் என்னென்ன செய்தால் இது வெளியே வரலாம் என்ற பட்டியல் அதில் இருக்கும். அந்த டிரைவரை ஏற்றினால் கெர்னல் தன்னைக் கறைபட்டதாகக் குறித்துக்கொள்ளும். யாரும் வேலை செய்யாமல் கிடந்தால் நீக்கிவிடுவார்கள். கிட் மென்பொருளின் சொந்தப் புராஜெக்ட்டில் இதே காரியம் கிளைகளால் நடக்கிறது: 'சீன்' கிளையில் பார்வைக்கு வந்தவை, 'நெக்ஸ்ட்' கிளையில் சேர்க்கத் தகுதியானவை என்று தோன்றி ஊறிக்கொண்டிருப்பவை, அதைத் தாண்டினால்தான் 'மாஸ்டர்'. 'சீன்' கிளையில் உங்கள் நிரலைப் பார்த்ததும் சேர்ந்துவிட்டது என்று கொண்டாடக் கூடாது. பராமரிப்பாளர் கண்ணில் பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாம் வகை, சுவிட்ச். நிரல் மையத்துக்குள்ளேயே இருக்கும், ஆனால் அணைத்து வைத்திருப்பார்கள். குபர்னெட்டிஸில் ஆல்ஃபா நிலை வசதிகள் இயல்பாக அணைந்திருக்கும். 2022-இல் வந்த 1.24 பதிப்பு முதல் புதிய பீட்டா ஏபிஐக்களையும் (மற்ற நிரல்கள் அழைக்கும் வாசல்கள்) அணைத்தே வைக்கிறார்கள். ரஸ்ட் மொழியில் நிலைபெறாத வசதிகளை 'நைட்லி' பதிப்பில் மட்டும், அதுவும் பெயர் சொல்லித் திறந்தால்தான் பயன்படுத்த முடியும். லிப்ரே ஆபிஸின் அமைப்புகளில் மேம்பட்ட பகுதியில் சோதனை வசதிகளை இயக்கும் ஒரு டிக் பெட்டி இருக்கிறதே, அதுவும் இதுதான்.

மூன்றாம் வகை, முத்திரை. வசதி எல்லோருக்கும் திறந்திருக்கும், ஆனால் ஆவணத்தில் "இது மாறலாம்" என்று எழுதியிருக்கும். நோட்ஜேஎஸ் ஆவணங்களில் ஒவ்வொரு பகுதிக்கும் நிலைத்தன்மை எண் உண்டு. 1 என்றால் சோதனைநிலை, 2 என்றால் நிலையானது. பைத்தானின் அசிங்க்ஐஓ நூலகம் 2014-இல் 3.4 பதிப்பில் தற்காலிகம் என்ற முத்திரையோடு வந்து, 3.6-இல்தான் அந்த முத்திரையைக் கழற்றியது.

நான்காம் வகை, வெளியே. "முதலில் தனிப் பொதியாகவோ பிளகினாகவோ செய்து வாருங்கள்" என்பார்கள். ஜாங்கோவில் இந்த வழக்கம் பலமாக இருக்கிறது. அதன் டேட்டாபேஸ் மைக்ரேஷன் வசதியே 'சவுத்' என்ற தனிப் பொதியாகப் பல வருடம் வெளியே ஓடி, 2014-இல் 1.7 பதிப்பில் உள்ளே வந்தது. க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் பிளகினின் விவரக் கோப்பில் ஒரே ஒரு வரியில் "சோதனைநிலை" என்று குறித்தால் போதும். சோதனைப் பிளகின்களையும் காட்டு என்று கேட்டவர்களுக்கு மட்டும் அது தெரியும்.

உங்கள் புராஜெக்ட் எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பங்களிப்பு வழிகாட்டிக் கோப்பை முழுதாகப் படியுங்கள். பிறகு ஏற்கனவே சேர்ந்த புல் ரிக்வெஸ்ட்களில் சோதனைநிலை, முன்னோட்டம், சுவிட்ச் என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்களைத் தேடுங்கள். அப்படிச் சேர்ந்த ஒன்றை முதல் கமிட்டிலிருந்து கடைசி விவாதம் வரை படித்துவிட்டால் பாதி வழி தெரிந்துவிடும். எழுத்து எண்ணிக்கை விஷயத்தில் அந்த எடிட்டர் இரண்டாம் வகை என்று இப்படித்தான் தெரிந்தது: அமைப்புக் கோப்பில் சோதனை வசதிகளுக்கென்றே ஒரு பகுதி, அதில் முன்பே நாலைந்து சுவிட்ச்கள்.

3. எழுதும் முன் கேளுங்கள்

முதலில் பிழைகளும் கோரிக்கைகளும் பதியும் இஷ்யூ பட்டியலைத் தேடுங்கள், மூடிய இஷ்யூக்களையும் சேர்த்து. நீங்கள் நினைத்ததை முன்பே ஒருவர் கேட்டு, காரணம் சொல்லி மறுத்திருக்கலாம். அந்தக் காரணத்துக்குப் பதில் இருந்தால் மட்டும் மீண்டும் கிளப்புங்கள்.

புது இஷ்யூவில் நாலு விஷயம் இருந்தால் போதும். என்ன நடக்கிறது, என்ன நடக்க வேண்டும், எங்கே செய்யலாம் என்று நினைக்கிறீர்கள், சரிவராவிட்டால் எப்படிக் கழற்றலாம். மாணவி எழுதியதன் சாரம் இது:

"தமிழ் உரையில் எழுத்து எண்ணிக்கை தவறாக வருகிறது. 'நாகர்கோவில்' என்ற சொல்லுக்கு 11 காட்டுகிறது. வாசிப்பவர் எண்ணினால் 6. யூனிகோடு எழுத்துத்தொகுதி விதிப்படி (வாசிப்பவர் ஓர் எழுத்தாகப் பார்ப்பது ஒரு தொகுதி) எண்ணும் ஒரு முறையைச் சோதனை வசதிகள் பகுதியில், அணைந்த நிலையில் சேர்க்கலாமா? தனிக் கோப்பாக இருக்கும். சேமிக்கப்படும் ஆவணத்தை இது தொடாது."

கடைசி வரியைக் கவனியுங்கள். பராமரிப்பாளர் பயப்படும் இடத்துக்கு அந்த வரி நேராகப் போகிறது. அதற்குக் கிடைத்த பதில் "முயன்று பாருங்கள், ஆனால் புதிய நூலகம் எதையும் இழுத்து வராதீர்கள்" என்பது. கேட்காமல் எழுதியிருந்தால் ஒரு நூலகத்தைச் சேர்த்து அனுப்பியிருப்பார், அதற்காகவே திரும்பி வந்திருக்கும்.

மாற்றம் பெரிதாக இருந்தால் இஷ்யூ போதாது. பைத்தானுக்கு பெப், ரஸ்ட்டுக்கு ஆர்எஃப்சி, குபர்னெட்டிஸுக்கு கெப் என்று முறையான முன்மொழிவு ஆவணம் உண்டு. புதியவர் அதில் தொடங்க வேண்டாம்.

"இந்த இஷ்யூவை எனக்கு ஒதுக்குங்கள்" என்று மட்டும் எழுதிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவது நம் மாணவர்களிடம் அதிகம் பார்க்கும் பழக்கம். ஒதுக்கி வைத்ததால் மற்றவர்களும் தொடமாட்டார்கள், வேலையும் நடக்காது. கேட்பதற்குப் பதில், எப்படிச் செய்யப்போகிறீர்கள் என்று மூன்று வரி எழுதுங்கள்.

பதிலுக்குக் காத்திருக்கும்போது நேர வித்தியாசத்தை நினைவில் வையுங்கள். ஜெர்மனியில் காலை 9 மணி என்றால் கோடையில் நமக்குப் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. கலிஃபோர்னியாக்காரர் வேலை தொடங்கும்போது நமக்கு இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும். அதிலும் பலர் சம்பளமில்லாமல் ஓய்வு நேரத்தில் பார்ப்பவர்கள். ஒரு வாரம் அமைதியாக இருந்தால் அது மறுப்பு இல்லை.

4. உரிமக் கையெழுத்தை முதலிலேயே முடித்துவிடுங்கள்

இரண்டு முறைகள் உண்டு. ஒன்று டிசிஓ. 2004-இல் லினக்ஸ் கெர்னலில் தொடங்கியது. "இந்த நிரலைத் தர எனக்கு உரிமை இருக்கிறது" என்று ஒவ்வொரு கமிட்டின் கடைசியிலும் பெயரும் மின்னஞ்சலும் சேர்ந்த ஒரு வரியாக வரும். கமிட் கட்டளையோடு '-s' என்ற குறியைச் சேர்த்தால் கிட் தானே எழுதிக்கொள்ளும். மற்றது சிஎல்ஏ, ஒருமுறை கையெழுத்திடும் ஒப்பந்தம். லிப்ரே ஆபிஸில் உங்கள் பங்களிப்பு இன்ன உரிமங்களில் என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பச் சொல்கிறார்கள்.

இதைக் கடைசிக்கு வைப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. நம் மாவட்டத்தில் பலர் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறார்கள். வேலை ஒப்பந்தத்தில், பணியில் இருக்கும்வரை எழுதும் நிரல் எல்லாம் நிறுவனத்துக்கே என்று ஒரு ஷரத்து இருக்கலாம். அப்படியானால் "எனக்கு உரிமை இருக்கிறது" என்ற வரியில் நீங்கள் கையெழுத்துப் போட முடியாது. நிறுவனத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியால் எழுதிய நிரலைப் பற்றிய விதியையும் இப்போதே பாருங்கள். ஜென்டூ 2024-இலும் க்யூஈஎம்யூ 2025-இலும் தடைசெய்தன; நெட்பிஎஸ்டி 2024-இல் முன் அனுமதி இல்லாமல் சேர்க்கக் கூடாது என்றது. வேறு பல புராஜெக்ட்கள் சொல்லிவிட்டுப் பயன்படுத்த அனுமதிக்கின்றன. அனுமதிக்கும் இடத்திலும், ஒரு வரியை ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்டால் உங்களுக்குப் பதில் தெரிய வேண்டும். தெரியாத வரியை அனுப்பாதீர்கள்.

5. எதையும் மாற்றாமல் ஒருமுறை பில்ட் செய்யுங்கள்

ஃபோர்க் செய்து (உங்கள் கணக்கில் ஒரு நகல் எடுத்து), இறக்கி, ஓர் எழுத்துகூட மாற்றாமல் பில்ட் செய்து, டெஸ்ட் முழுவதையும் ஓட்டுங்கள். அப்போதே தோற்கும் டெஸ்ட்களைக் குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் பின்னால் தோற்கும்போது உங்கள் தவறா, முன்பே இருந்ததா என்று தெரியாமல் இரவு முழுக்கத் தேடுவீர்கள்.

அப்புறம் உங்கள் வேலைக்கென்று தனிக் கிளை எடுங்கள். மெயின் கிளையிலேயே எழுதிவிட்டு, மூலத்தில் வந்த மாற்றங்களை இழுக்கும்போது குழம்பி நிற்பவர்கள் வாராவாரம் வருகிறார்கள். மழைக்காலத்தில் மின்சாரம் போய்வரும் ஊர் என்பதால், அரைகுறையாக இருந்தாலும் அன்றன்று உங்கள் ஃபோர்க்குக்குப் புஷ் செய்துவிடுங்கள். உங்கள் ஃபோர்க்கில் என்ன கிடந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள்.

6. கழற்றக்கூடியதாக எழுதுங்கள்

சோதனைநிலை என்றால் எப்படியும் எழுதலாம் என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். எனக்கு இதில் மாற்றுக் கருத்தே கிடையாது: மற்ற நிரலைவிட இதைத்தான் கவனமாக எழுத வேண்டும். நிலையான நிரலை யாரும் கழற்றப்போவதில்லை. இதைக் கழற்றலாம், அப்படிக் கழற்றும்போது பக்கத்தில் உள்ளது எதுவும் பிய்ந்து வரக்கூடாது.

சுவிட்ச் இயல்பாக அணைந்திருக்கட்டும். அணைந்திருக்கும்போது பழைய நடத்தை ஒரு மயிரிழைகூட மாறக்கூடாது. சுவிட்சைச் சரிபார்க்கும் இடம் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். பத்து கோப்பில் பத்து இடத்தில் "சுவிட்ச் போட்டிருக்கிறதா?" என்று கேட்டால், கழற்றும்போது ஒன்பதை எடுத்துவிட்டு ஒன்றை விட்டுவிடுவார்கள். எழுத்து எண்ணிக்கையில் பட்டைக்கு எண் கொடுக்கும் ஃபங்ஷன் ஒன்று. அதன் வாசலில் மட்டும் கேள்வி. பதிலைப் பொறுத்துப் பழைய எண்ணியோ புதிய எண்ணியோ.

சேமிக்கும் தரவைத் தொடாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். சோதனை வசதி ஆவணக் கோப்பிலோ டேட்டாபேஸிலோ ஒரு புதிய புலத்தை எழுதத் தொடங்கிவிட்டால், வசதியை நீக்கிய பிறகும் அந்தத் தரவு பயனர்களின் கணினிகளில் கிடக்கும். அதைப் படிக்கவாவது நிரலை என்றென்றும் வைத்திருக்க வேண்டிவரும். மாணவியின் முதல் வரைவில், எண்ணிக்கையை ஆவணத்தின் தலைப்பகுதியில் சேமித்து வைக்கும் ஒரு வரி இருந்தது, வேகத்துக்காக. அதை எடுத்துவிட்டு, நினைவகத்தில் மட்டும் வைக்கச் சொன்னேன்.

வெளியே தெரியும் பெயர்களைக் குறையுங்கள். பிளகின் எழுதுபவர்கள் அழைக்கக்கூடிய ஃபங்ஷன் ஒன்றை வெளியிட்டுவிட்டால், முத்திரை என்ன ஒட்டியிருந்தாலும் யாராவது அதை நம்பிக் கட்டிவிடுவார்கள்.

புதிய நூலகம் வேண்டாம் என்று சொன்னதால், பிரவுசரிலேயே இருக்கும் 'செக்மென்டர்' வசதி கைகொடுத்தது. எழுத்துத்தொகுதிகளாகப் பிரித்துத் தரும். ஆனால் ஃபயர்ஃபாக்ஸில் இது 2024-இல்தான் வந்தது. பழைய பிரவுசரில் திறப்பவருக்கு என்ன ஆகும்? வசதி இல்லையென்றால் சத்தமில்லாமல் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பும்படி எழுதினார். ரிவ்யூவில் முதலில் கேட்கப்படும் கேள்வி இந்த மாதிரிதான் இருக்கும்.

டெஸ்ட்கள். சுவிட்ச் அணைந்த நிலைக்கும் டெஸ்ட் வேண்டும், போட்ட நிலைக்கும் வேண்டும். முதல் வகையைப் பலர் மறக்கிறார்கள். பராமரிப்பாளருக்கு அதுதான் முக்கியம். போட்ட நிலையில் 'நாகர்கோவில்' 6 வர வேண்டும். அதே சொல்லில் 'கோ' என்பதை இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்து உள்ளிட்டால் குறியீட்டுப் புள்ளிகள் 12 ஆகும்; அப்போதும் 6 வர வேண்டும். 'மீனாக்ஷி' கொஞ்சம் சிக்கல். யூனிகோடின் பொது விதி தமிழில் க், ஷி என்று இரண்டாகப் பிரிக்கும், ஆகவே 4. கண்ணால் எண்ணுபவர் 3 என்பார். எது சரி என்று நீங்கள் முடிவுசெய்ய வேண்டாம். இப்போது 4 வருகிறது என்று டெஸ்ட்டில் பதிந்து, இது திறந்த கேள்வி என்று குறிப்பெழுதுங்கள். சோதனைநிலை என்ற ஏற்பாடு இருப்பதே இந்த மாதிரி இடங்களுக்காகத்தான்.

டெஸ்ட்டுக்கென்று பைனரி கோப்புகளைச் சேர்க்காதீர்கள். 2024 மார்ச்சில் வெளிச்சத்துக்கு வந்த, எக்ஸ்இஸட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளின் பின்கதவு அப்படித்தான் ஒளிந்திருந்தது: இரண்டு வருடத்துக்கும் மேலாகப் பங்களித்து நம்பிக்கை பெற்ற ஒரு கணக்கு, டெஸ்ட் கோப்புகள் என்ற பெயரில் விஷத்தை உள்ளே வைத்தது. அதிலிருந்து, திறந்து படிக்க முடியாத எந்தக் கோப்பையும் பராமரிப்பாளர்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். வேண்டிய தரவை டெஸ்ட்டுக்குள்ளேயே எழுத்தாக வையுங்கள்.

7. துண்டு துண்டாகக் கமிட் செய்யுங்கள்

முழுச் சக்கையை, அதாவது பலாப்பழத்தை, தூக்கிக் கையில் கொடுத்து ருசி பார்க்கச் சொன்னால் யார் பார்ப்பார்கள்? சுளையாக எடுத்துக் கொடுக்க வேண்டும். எழுத்து எண்ணிக்கை மூன்று கமிட்டாகப் போனது. முதலாவது, எண்ணும் வேலையை ஒரே ஃபங்ஷனுக்கு நகர்த்துவது, நடத்தை மாறாது. இரண்டாவது, புதிய எண்ணியும் அதன் டெஸ்ட்களும்; யாரும் இன்னும் அழைக்கமாட்டார்கள். மூன்றாவது, சுவிட்சும் ஆவணக் குறிப்பும்.

இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. மூன்றாவதை மட்டும் திருப்பி எடுத்தாலே வசதி மறைந்துவிடும். முதலாவது எப்படியும் பயனுள்ள சீர்திருத்தம் என்பதால், மற்ற இரண்டும் மறுக்கப்பட்டாலும் அது சேரலாம்.

கமிட் செய்தியின் முதல் வரி சுமார் 50 எழுத்துக்குள் என்ன செய்தோம் என்று சொல்லட்டும். கீழே ஏன் என்று எழுதுங்கள். எப்படி என்பதை நிரலே சொல்லும். எடிட்டர் தானாகக் கோப்பு முழுவதையும் சீரமைத்துவிடுவதை அணைத்து வையுங்கள். பத்து வரி மாற்றம் நானூறு வரியாகத் தெரிவதற்கு அதுதான் காரணம். அனுப்பும் முன் வித்தியாசத்தை வரி வரியாக நீங்களே ஒருமுறை படியுங்கள்.

8. அனுப்புவது

கிட்ஹப்பிலும் கிட்லேபிலும் வரைவு நிலையில் திறக்கும் வசதி உண்டு. முதலில் அப்படித் திறந்து, தானியங்கிச் சோதனைகள் பச்சையான பிறகு தயார் என்று மாற்றுங்கள். கிட்ஹப்பில் முதல்முறை பங்களிப்பவரின் சோதனைகள் பராமரிப்பாளர் அனுமதித்தால்தான் ஓடும். "ஓடவே இல்லை, ஏதோ உடைத்துவிட்டேன்" என்று பயந்து மூடிவிட்டுப் புதிதாகத் திறந்தவர்கள் உண்டு. மூடாதீர்கள், காத்திருங்கள்.

விவரப் பகுதியில் இஷ்யூ எண், செய்தது, செய்யாமல் விட்டது, கையால் எப்படிச் சோதிப்பது, எப்படிக் கழற்றுவது என்று எழுதுங்கள். திரை மாறியிருந்தால் முன்னும் பின்னும் ஒரு படம்.

காலம் பார்த்து அனுப்புங்கள். கெர்னலில் ஒவ்வொரு வெளியீட்டுக்குப் பிறகும் இரண்டு வாரம் மெர்ஜ் சாளரம், அதாவது முன்பே தயாரானவற்றை மையத்தில் சேர்க்கும் காலம். அப்போது புதிய பேட்ச்களைப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. பைத்தானில் முதல் பீட்டா வந்துவிட்டால் புதிய வசதி அடுத்த பதிப்புக்குத்தான். வெளியீட்டு அட்டவணையை ஒருமுறை பார்த்தால் வீண் காத்திருப்பு மிச்சம்.

எண்ணிக்கைக்காக அனுப்பாதீர்கள். 2020-இல் டி-ஷர்ட்டுக்காக ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு சொல்லை மாற்றி அனுப்பியவர்களின் வெள்ளத்தில், ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற அக்டோபர் பங்களிப்பு நிகழ்வு நடுவழியில் விதியை மாற்றி, விரும்பிச் சேரும் புராஜெக்ட்கள் மட்டும் என்றாக்க வேண்டிவந்தது. 2024-இல் எக்ஸ்பிரஸ் புராஜெக்ட்டில், பயிற்சிக் காணொளியைப் பார்த்துத் தங்கள் பெயரை ரீட்மீயில் சேர்த்து அனுப்பியவர்கள் குவிந்தார்கள். பழகிப் பார்ப்பதற்கு உங்கள் சொந்த ரெப்பாசிட்டரி இருக்கிறது. தெரிந்தே தவறான நிரலை அனுப்பி, பிடிக்கிறார்களா என்று பார்க்கும் ஆராய்ச்சியும் வேண்டாம். 2021-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தையே கெர்னல் பராமரிப்பாளர்கள் அதற்காகத் தடைசெய்தார்கள்.

9. ரிவ்யூவில் நடந்துகொள்வது

ஒவ்வொரு கருத்துக்கும் பதில் எழுதுங்கள். செய்துவிட்டேன் என்றோ, இந்தக் காரணத்தால் செய்யவில்லை என்றோ ஒரு வரி. பதிலே இல்லாமல் நிரலை மட்டும் மாற்றினால், அவர் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும்.

குறை சொன்னால் அது உங்கள் மீது இல்லை. சுருக்கமாக எழுதுவது அங்கே வழக்கம். கோபமாகத் தோன்றினால் மறுநாள் படித்துப் பாருங்கள், பெரும்பாலும் வேறு மாதிரித் தெரியும். அதேபோல் ஒப்புக்கொள்ளாத இடத்தில் தலையாட்டவும் வேண்டாம். 'மீனாக்ஷி' டெஸ்ட்டை எடுத்துவிடச் சொன்னபோது மாணவி மறுத்தார். தமிழ் வாசகர் முதலில் குழம்பும் இடம் இது, டெஸ்ட்டில் பதிந்திருந்தால் பின்னால் மாற்றுபவருக்கு எச்சரிக்கையாக இருக்கும் என்று காரணம் சொன்னார். டெஸ்ட் அப்படியே இருந்தது.

திருத்தங்களைத் தனிக் கமிட்டாகச் சேர்ப்பதா, பழைய கமிட்டையே திருத்தி வலிந்து புஷ் செய்வதா என்பது புராஜெக்ட்டுக்குப் புராஜெக்ட் மாறும். கெரிட் என்ற ரிவ்யூக் கருவியைப் பயன்படுத்தும் லிப்ரே ஆபிஸில் அதே கமிட்டைத்தான் திருத்த வேண்டும். வழிகாட்டியில் இல்லையென்றால் கேட்டுவிடுங்கள்.

நினைவூட்டல்: ஒரு வாரத்துக்குள் வேண்டாம். அதன் பிறகு பணிவாக ஒரு வரி. "இன்டர்ன்ஷிப்புக்கு வேண்டும், சீக்கிரம் மெர்ஜ் செய்யுங்கள்" என்று எழுதுவது உங்களுக்குத்தான் கெடுதல்.

10. மறுத்துவிட்டால்

காரணத்தைக் கேளுங்கள். "இப்போது வேண்டாம்", "இங்கே வேண்டாம்", "வேண்டவே வேண்டாம்" மூன்றும் வேறுவேறு. இப்போது வேண்டாம் என்றால் இஷ்யூவைத் திறந்து வைத்துவிட்டு அடுத்த வெளியீட்டுக்குப் பின் வாருங்கள். இங்கே வேண்டாம் என்றால் பிளகினாக்குங்கள். ஆறாம் படியில் சொன்னபடி தனிக் கோப்பாக எழுதியிருந்தால் அது ஒரு மாலை வேலை. பிளகினுக்கு இடையில் நுழைய மைய நிரலில் ஒரு சிறு வாசல் தேவைப்பட்டால், அதை மட்டும் தனிப் புல் ரிக்வெஸ்ட்டாகக் கேளுங்கள். முழு வசதியை மறுத்தவர்களும் இதற்கு ஒப்புக்கொள்வது உண்டு.

11. சேர்ந்த பிறகு

மெர்ஜ் ஆனதும் வேலை முடியவில்லை. வசதிக்கென்று ஒரு கண்காணிப்பு இஷ்யூ திறந்து, நிலையானதாக மாற என்னென்ன வேண்டும் என்று பட்டியலிடுங்கள். எழுத்து எண்ணிக்கைக்கு: க்ஷ, ஸ்ரீ பற்றி முடிவு, மிக நீளமான ஆவணத்தில் வேகச் சோதனை, மலையாளம், இந்தி தெரிந்தவர்களின் கருத்து. நம் மாவட்டத்தில் மலையாளம் படிக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை என்பதால் மூன்றாவதை நாங்களே தொடங்கிவிட்டோம்.

அடுத்த ஒரு வெளியீடு முடியும்வரையாவது அந்த வசதி பற்றி வரும் புகார்களுக்கு நீங்களே முதலில் பதில் சொல்லுங்கள். அறிவிப்புகளை அந்த இஷ்யூவுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் போதும். செமஸ்டர் தேர்வோ வேலையோ வந்து விலக வேண்டியிருந்தால் காணாமல் போகாமல், இனி பார்க்க முடியாது என்று இஷ்யூவில் எழுதுங்கள். கழற்ற வேண்டியிருந்தால் எந்தக் கமிட்டைத் திருப்பி எடுக்க வேண்டும், எந்தக் கோப்புகளை நீக்க வேண்டும் என்ற விவரத்தையும் அதே பதிவில் சேர்த்துவிடுங்கள்.